கரையாத கியர் ராடு

மேலச்சூரங்குளத்தில் இரும்பு முளைத்த ஆடி மாசம் என்று சொன்னால் போதும், அந்தச் சுத்துப்பட்டில் யாருக்கும் வருஷக் கணக்கு தேவைப்படாது, எந்தப் பிள்ளை அதற்கு முன்னால் பிறந்தது, எந்தக் கிழவன் அதற்குப் பின்னால் செத்தான் என்று விரலை மடக்காமல் சொல்லிவிடுவார்கள், ஆனால் அந்த இரும்பு யார் காலடியில் முளைத்ததோ அந்தச் சந்தனமாரியிடம் போய்க் கேட்டால் மட்டும் "ஏன், ஒங்களுக்கு வேற சோலி இல்லையா?" என்று எரிந்து விழுவாள். அவள் எரிந்து விழுவதில் தப்பே கிடையாது.

சந்தனமாரி மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். பதினான்கு ஊருக்கு அவள் ஒருத்திதான். கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓடை மணலில் புதைந்துபோகும் என்பதால் ஆம்பிளைகள் ஓட்டுகிற கியர் வண்டியாகப் பார்த்து வாங்கி, ஊசிக்கான காளை விந்தை உறையவைத்திருக்கிற பதினைந்து கிலோ நைட்ரஜன் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் மூடியோரம் வெள்ளைப் புகை கசிய, பதினோரு வருஷமாகக் கரிசல்காட்டு வண்டிப்பாதையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியூரில் எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். சொந்த ஊரில்தான் சங்கடம். "மாட்டு வயித்துக்குள்ள கைய விடுறவ முளைப்பாரி வீட்டுக்குள்ள வந்தா பயிறு அழுகிப்போகும்" என்று கோயில் காரியங்களுக்கெல்லாம் பெரியவளான பொன்னுத்தாய் ஒரு தரம் சொன்னாள், அன்றிலிருந்து எந்த ஆடியிலும் சந்தனமாரி பாரி போட்டதில்லை, சுமந்ததில்லை, கும்மியில் கை தட்டினதில்லை. "ஆமா, போங்க, எனக்கு நேரமிருக்காக்கும்" என்பாள் வெளியே. குலவைச் சத்தம் கேட்கிறபோது மட்டும் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பாள்.

அம்மனுக்குக் காப்புக் கட்டின செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் கியர் ராடு ஒடிந்தது. காலால் மிதிக்கிற கியர் பெடலையும் எஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற ஒரு சாண் கம்பி அது, அவ்வளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் மொத்த வண்டியும் வெறும் இரும்புக் குதிரை. அவள் போய்க்கொண்டிருந்தது எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற புளியங்கரைக்கு, லிங்கம்மாவின் செவலைப்பசுவுக்கு ஊசி போட. லிங்கம்மா தனியாள். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு பசு, அதுவும் பால் வற்றி வருஷமாகியிருந்தது. "இன்னும் மூணு பருவம் பாப்பேன் அத்தே, சினை நிக்கலேன்னா லாரியில ஏத்திருவேன், தீனி போட்டு மாளல" என்று அவளுடைய அண்ணன் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பசு பருவத்துக்கு வருவது இருபத்தோரு நாளுக்கு ஒருக்கத்தான், வந்தாலும் ஒரு நாள் பொழுதுக்குள் ஊசி போட்டாக வேண்டும், அந்தப் பொழுதில் சந்தனமாரி நடு ஓடையில் நின்றுகொண்டு ஒடிந்த கம்பியைக் கையில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் வந்து சேரவே இருட்டிவிட்டது. ஒரு பருவம் போச்சு.

மெக்கானிக் குருவையா நல்ல கைக்காரன், வாய்தான் நீளம். "யக்கா, டவுன்ல ஆர்டர் போட்டா இருபது நாளு ஆகும். நானே ஒண்ணு செஞ்சு மாட்டுதேன், கம்பெனி ராடு தோத்துப்போகும் பாரு" என்றான். கம்பியை அளவாக அறுத்து ஒரு முனையில் மரை போட்டான். மறு முனைக்கு எதிர்ப்பக்கமாகத் திருகுகிற எதிர்மரை போட வேண்டும், அப்போதுதான் கம்பியைக் கழற்றாமலே இப்படித் திருகினால் நீளமும் அப்படித் திருகினால் குட்டையுமாகப் பெடலைக் காலுக்குத் தக்கன ஏற்றி இறக்கலாம். எதிர்மரை வெட்டுகிற சாமான் அவனிடம் இல்லை. அதை டவுனில் இரவல் வாங்கி வருகிறேன் என்று கம்பியைப் பெஞ்சில் போட்டுவிட்டுப் போனான்.

அங்கேதான் வந்தது வினை. குருவையாவின் கடை கோயிலை ஒட்டின தகரக் கொட்டகை. வருஷம் பூராவும் அது மெக்கானிக் கடை, ஆடிக் கொடைத் திருவிழாவின் எட்டு நாளைக்கு மட்டும் நடுவில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டுப் பின்பாதியை முளைப்பாரி வீடாக்கிவிடுவார்கள், வெளிச்சம் படாத அந்த இருட்டில் சட்டிசட்டியாகப் பயறுகள் முளைக்கும், பெண்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துப் பாட்டுப் பாடிக் கும்மியடித்து வருவார்கள். குருவையாவின் பெண்சாதி ஆவுடைத்தாய் போட்ட பாரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. முட்டுக்கொடுக்க எதையாவது தேடினவள் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுத் துழாவி, பெஞ்சில் கிடந்த கம்பியை எடுத்து, கழிவு இரும்புதானே என்று சட்டிக்குள் குத்திவைத்துவிட்டாள். மூன்று நாள் அது அங்கேயே நின்றது, மூன்று நாளும் ஊர்ப் பெண்கள் அதைச் சுற்றி வந்து "வளரு வளரு" என்று பாடினார்கள்.

தினமும் டவுனுக்குப் போய்வந்து, சனிக்கிழமைதான் சாமான் கிடைத்துப் பெஞ்சுக்கு வந்த குருவையா கம்பியைக் காணோம் என்று போட்ட கூச்சலில் அம்மனே எழுந்து போயிருப்பாள். முளைப்பாரி வீட்டுக்குள் போன பொருள் கரைக்கிற நாளுக்கு முன்னால் வெளியே வரக்கூடாது என்று ஆவுடைத்தாய்க்குத் தெரியும், தெரிந்தும் அவன் வாயை அடைத்தால் போதுமென்று தார்ப்பாய்க்கு அடியில் கம்பியை நீட்டிவிட்டாள். அவன் மண்ணைத் துடைத்து, எதிர்மரை வெட்டி, ரெண்டு முனையிலும் குண்டு ஜாயின்டை மாட்டி, நட்டைப் போட்டு இறுக்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டினான். கியர் வெண்ணெயாக விழுந்தது. சந்தனமாரிக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெடல் ஒரு நெல் உயரம் ஏறியிருந்தது. திங்கட்கிழமை ஒரு விரற்கடை. செவ்வாய்க்கிழமை, பாரியெல்லாம் ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைந்த அன்றைக்கு, மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி முழங்காலைத் தூக்கித்தான் அவளால் கியரைத் தொட முடிந்தது. "என்னலே மாட்டி வச்சிருக்கே?" என்று மறுநாள் விடியவும் கடையில் வந்து கத்தினாள். குருவையா குனிந்து பார்த்தான், ஸ்கேலை வைத்துப் பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். நட்டு ரெண்டையும் காணோம், மரையையும் காணோம், கம்பியின் ஒரு முனை பெடலோடும் மறு முனை தண்டோடும் ஒட்டுப்போட்ட மாங்கன்று போலச் சேர்ந்துபோயிருந்தது. இருட்டில் முளைத்த பயற்றின் வெளிறின மஞ்சள் கம்பியின் மத்தியில் லேசாகத் தெரிந்தது.

"வளந்திருக்கு யக்கா" என்றான்.

"அது தெரியாமலா வந்து நிக்கேன்? ஏன் வளருது?"

ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டே உண்மையைச் சொன்னாள். அன்றைக்குக் காப்பு அவிழ்க்க வேண்டிய நாள், ஊரே கோயிலில் கூடியிருந்தது, சங்கதி பொன்னுத்தாய் காதுக்குப் போக ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அவள் வந்தாள், கம்பியைப் பார்த்தாள், இரும்பு முளைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு பாரி கரையாம ஊருக்குள்ள வண்டியில சுத்திக்கிட்டுத் திரியுது. அது கரையுற வரைக்கும் கொடை முடியல. காப்பு அவுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

காப்பு அவிழ்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம் பேசக்கூடாது, வெளியூரில் ராத்தங்கக்கூடாது, எல்லாத்துக்கும் மேலாக, அம்மன் குளிர்ச்சி கெட்டுவிடும் என்று எந்த வீட்டிலும் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு தாளிக்கக்கூடாது. எட்டு நாள் பொறுத்துக்கொள்வார்கள், பத்து நாள் பொறுத்துக்கொள்வார்கள். "கழட்டி எடுத்துட்டுப் போய்க் கரைங்க, எனக்கென்ன ஆசையா?" என்று சந்தனமாரி அன்றைக்கே சொல்லிவிட்டாள், ஆனால் கழற்றினால்தானே? குருவையா ரம்பத்தால் நடுவில் ஒரு துண்டு அறுத்துக்கொடுத்தான், அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் போட்டார்கள், அது சாதாரண இரும்பாக ஆழத்தில் போய்க் கிடந்தது. மறுநாள் காலை அறுத்த இடம் மூடி, விரற்கடை கூடுதலாகவே வளர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் இதுதான் பாடு. விடிந்ததும் குருவையா நடுவில் அறுத்து அளவாக்கி வெல்டிங் வைப்பான், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவாள், மறுநாள் மறுபடி. ஊருக்கு நாலே நாளில் பழகிப்போய்விட்டது. வெட்டின துண்டுக்குக் காலையிலேயே ஆள் வந்து காத்திருந்தது, ஒருத்திக்குத் தொட்டில் கொக்கி, ஒருத்தருக்குக் கதவுக் கொண்டி, டீக்கடைக்காரருக்கு வடைக்கம்பி என்று முறைவைத்து எடுத்துப்போனார்கள். சம்சாரிகள் வண்டியைச் சுற்றிக் குத்தவைத்துக்கொண்டு இது மானாவாரியா இறவையா என்று சண்டைபோட்டார்கள். "தொழு எரு கொஞ்சம் வச்சுப் பாரும்மா, இன்னும் தடியா வரும்" என்று ஒரு பெரியவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். வார்டு மெம்பர் வந்து, தெருவிளக்குக் கம்பம் ஒன்று தேவைப்படுகிறது, அந்த அளவுக்கு விட்டுவைக்க முடியுமா என்று விசாரித்தார். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, இரும்பு எப்படியம்மா முளைக்கும் என்று கேட்டிருந்தால் சந்தனமாரிக்கு மனசு ஆறியிருக்கும். கேட்கவே இல்லை, பாவிகள்.

ஆனால் தாளிப்பு இல்லாத குழம்பு அவர்களுக்குப் பழகவில்லை. இருபதாம் நாள் தாண்டினதும் ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை இல்லாத வீடு கிடையாது. நாலு பேர் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் அங்கே கடுகைப் பொரித்து, சட்டியை மூடிக் கொண்டுவந்தார்கள். வாசமும் தாளிப்புத்தான் என்று பொன்னுத்தாய் அதைத் தெருவிலேயே கொட்டச் சொல்லிவிட்டாள். கொட்டினவர்கள் பொன்னுத்தாயை முறைக்கவில்லை, எதிரே வந்த சந்தனமாரியை முறைத்தார்கள். "எல்லாம் ஒன்னாலதான்" என்றார்கள். "நானா கும்மியடிச்சேன்? என்னைய அந்த வீட்டு வாசல்லயாவது நிக்க விட்டீங்களா?" என்று அவள் வண்டியை நிறுத்திக் கேட்டாள்.

காப்புக் கட்டி இருபத்திரண்டாம் நாள் லிங்கம்மாவின் பசு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியது. அன்றைக்கென்று பார்த்துக் கரண்டு இல்லை. வெல்டிங் இல்லாமல் பெடல் வானத்தைப் பார்த்து நின்றது, கியர் விழவே இல்லை. சந்தனமாரி கேனைத் தூக்கிக்கொண்டு மினிபஸ்ஸுக்கு ஓடினாள். மூடியோரம் கசிந்த புகையைப் பார்த்த கண்டக்டர், "யம்மா, இது வெடிக்குமா?" என்று கேட்டு இறக்கிவிட்டுவிட்டான். அந்தப் பதினைந்து கிலோவைச் சுமந்து, இடுப்பு மாற்றி இடுப்பு மாற்றி எட்டுக் கிலோமீட்டர் நடந்து, பொழுது சாய்ந்து அவள் போய் நின்றபோது பசு படுத்துக்கொண்டு அசைபோட்டது. பருவம் முடிந்திருந்தது. லிங்கம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை, ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, "இன்னும் ஒரு தடவை இருக்கு தாயி" என்று மட்டும் சொன்னாள். சந்தனமாரி மோரைக் குடித்துவிட்டு, வரும் வழியெல்லாம் அழுதாள்.

ஆவணி பிறந்தும் காப்பு அவிழவில்லை, முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஊர்க்கூட்டம் போட்டார்கள். ராடு வண்டியோடு வேர்விட்டுவிட்டது, வேரோடுதான் பாரியைக் கரைக்க வேண்டும், ஆகவே நாற்பத்து மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை வண்டியையே கண்மாயில் இறக்கிக் கரைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"அது என் வண்டி!" என்று கத்தினாள் சந்தனமாரி. "எஞ்சினுக்குள்ள தண்ணி போனா அப்புறம் அது எதுக்காகும்? பதினாலு ஊருக்கு நான் என்னத்துல போவேன்?"

"ஊருக்காகப் பொறுத்துக்கோ தாயி" என்றாள் பொன்னுத்தாய்.

"ஊரு எனக்காக என்னத்தப் பொறுத்துச்சு?"

கூட்டம் வடக்கயிறு யார் வீட்டில் இருக்கிறது என்று பேசப் போய்விட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகிறபோதே லிங்கம்மா நடந்து வந்து அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பொழுதடையவே பசு கத்த ஆரம்பித்துவிட்டதாம், மதியத்துக்குள் வந்தால் உண்டாம், அண்ணன் மகன் லாரிக்குச் சொல்லிவிட்டானாம். "நீ முன்னால போக்கா, நான் எப்படியும் வாரேன்" என்று அனுப்பிவைத்துவிட்டு அவள் திரும்பினால் தெருவில் மேளம் கேட்கிறது. கயிற்றுக் கட்டிலோடு பன்னிரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். முறை என்றால் பாரி தலையில்தானே போக வேண்டும்? வண்டியைக் கட்டிலில் ஏற்றி, சாய்ந்துவிடாமல் தேருக்குக் கட்டுகிற மாதிரி வடக்கயிற்றால் முப்பது முடிச்சுப் போட்டு, சும்மாடு கூட்டிப் பன்னிரண்டு பேரும் தலையில் தூக்கினார்கள். சந்தனமாரி கேனை மட்டும் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் முடித்தால் கேனைச் சுமந்து நடந்தாவது போகலாம் என்பது அவள் கணக்கு, ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள், முக்குக்கு முக்கு கும்மி அடித்தார்கள். அவள் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

கண்மாயில் முழங்கால் தண்ணீர். கட்டிலை இறக்கி ராடு முங்குகிற அளவுக்கு அமுக்கினார்கள். கரையவில்லை. சட்டியில் குத்திவைத்தவள் என்று ஆவுடைத்தாயைத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தாள், கரையவில்லை. பொன்னுத்தாய் தண்ணீரில் நின்று நாற்பது வருஷமாகப் பாடின பாட்டையெல்லாம் பாடினாள். கம்பி அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. சந்தனமாரி சூரியனைப் பார்த்தாள், புளியங்கரைப் பக்கம் பார்த்தாள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கினாள்.

"போதும்டி! நாப்பத்து மூணு நாளு! எம் பொழப்பைக் கெடுத்தே, ஊரு வாயில என்னைய போட்டே, ஒரு பாவப்பட்ட பொம்பளையோட பசுவ லாரிக்கு அனுப்பப் பாக்கே! நீ என் ராடு, என் கால்ல கெடக்க வேண்டியது, என் காசுல செஞ்சது! கரைஞ்சு தொலையேன், சனியனே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்தின கத்தலின் கடைசியில் வார்த்தை தீர்ந்துபோய் வெறும் சத்தம் மட்டும் நீண்டது, நீண்ட சத்தம் நாக்கில் பட்டு உடைந்து சுழன்றது, பதினோரு வருஷம் அடக்கிவைத்த குலவை அது.

ராடு கரைந்தது. ஊறின மண்ணாகக் கலங்கித் தண்ணீரோடு போயிற்று, ஒரு வெளிறின மஞ்சள் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது. வண்டி வண்டியாகவே இருந்தது, பெடல் மட்டும் தொங்கியது. கரையில் நின்ற ஆம்பிளைகள் காப்பு அவிழ்ந்த சந்தோஷத்தில் கடுகு கடுகு என்று வீட்டுக்கு ஓடினார்கள், குருவையா எல்லாருக்கும் முன்னால் ஓடினான்.

"கட்டிலைக் கரையேத்தி வையுங்க, நான் போறேன், எனக்கு நேரமில்லை" என்று கேனைத் தூக்கினாள் சந்தனமாரி.

பொன்னுத்தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க போறே?"

"புளியங்கரைக்கு. பசு நிக்குது. வெயிலைப் பாருங்க, எனக்குப் பேச நேரமில்லை."

"இதைச் சொமந்துக்கிட்டா?"

"பின்ன, ராடு இல்லாத வண்டியிலயா போவேன்? கேனையாவது ஆளு மாத்திப் பிடிங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முப்பது முடிச்சு போட்டிருக்கு. அவுத்து வண்டிய எறக்கி முடிக்கிறதுக்குள்ள ஒன் பசு கெழடாயிரும்" என்றாள் பொன்னுத்தாய். "பாரி யாரோடதோ அவ நடக்கக்கூடாது. ஏறு."

"எதுல?"

"ஒன் வண்டியில, ஏறு புள்ள!"

தர்க்கம் பண்ண நேரமில்லாததால் ஏறினாள். பதினைந்து கிலோ கேனை மடியில் வைத்துக்கொண்டு, காலை ராடு இல்லாத பெடலில் ஊன்றிக்கொண்டு, பன்னிரண்டு பெண்களின் தலைக்கு மேலே அவள் உட்கார்ந்திருக்க, பொன்னுத்தாய் கட்டிலின் முன்னங்கால் பக்கம் தோள் கொடுத்தாள், சாமி வந்த வேகத்தில் அவர்கள் ஓடையைத் தாண்டினார்கள், வண்டிப்பாதையைத் தாண்டினார்கள், மேடு வந்தால் குலவை போட்டு ஏறினார்கள், சந்தனமாரி மேலேயிருந்து "ஏய், இடது பக்கம், பள்ளம் கெடக்கு! கேனு சாயுதுடி! இப்படியா தூக்குவாங்க?" என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தாள், கத்துகிறபோதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க ஒரு கை காலியாக இல்லை என்பதிலும் அவளுக்குக் கோபம் வந்தது.

புளியங்கரையில் தொழுவத்து வாசலில் லிங்கம்மா கையில் கயிற்றோடு நின்றிருந்தாள். உள்ளே பசு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்களையும், அவர்கள் தலைமேல் கட்டிலையும், கட்டில்மேல் வண்டியையும், வண்டிமேல் டாக்டரம்மாவையும் மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தாள்.

"ஏன் தாயி இம்புட்டு நேரம்?"

"வண்டி ரிப்பேரு யக்கா" என்றாள் சந்தனமாரி. "பசுவப் பிடி."